பால்வெட்டுக் கத்தியும் கண்காட்சி மேசையும்

கத்தி சேகரிப்பவன் என்று சொன்னால் நம்மவர் பலர் முகம் சுளிக்கிறார்கள். கத்தி என்றதும் குண்டர் கும்பல், காவல் நிலையம், நாளிதழின் முதல் பக்கம் என்று எண்ணம் ஓடிவிடுகிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால், தோட்டப்புறத்தில் பிறந்து பல்கலைக்கழகம் வரை வந்த நம்மில் பலருக்குச் சோறு போட்டதும், பள்ளிக் கட்டணம் கட்டியதும் ஒரு கத்திதான். அக்கத்தியைப் பற்றியும், அதை ஒரு சேகரிப்பாளன் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கற்றுக்கொண்டது நூலகத்தில் அன்று, ஒரு கண்காட்சி மேசையில். அதுவும் வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டது.

மேசையில் எழுந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் அண்டை மாநிலத்தில், ஒரு பொது மண்டபத்தில், வட்டாரக் கத்திக் கண்காட்சி ஒன்று நடந்தது. நீள மேசைகளில் வெல்வெட் துணி விரித்து, கெரிஸ், பாடிக், தும்போக் லாடா, பாராங், கோலோக் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். சேகரிப்பாளர்களுக்கு மேசை வாடகைக்குக் கிடைத்தது. நான் நண்பர் ஒருவருடன் பாதி மேசையைப் பகிர்ந்துகொண்டேன். என்னிடம் இருந்தவை நான்கு பால்வெட்டுக் கத்திகள் மட்டுமே.

முதல் நாள் முழுதும் கூட்டம் என் மேசையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. இளைஞர் சிலர் நின்று, "இது என்ன, ஆணி பிடுங்குவதா?" என்று கேட்டார்கள். மாலையில் ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். அவர் மேசையில் ஏழு கெரிஸ்கள் இருந்ததை முன்னமே பார்த்திருந்தேன். அவர் கத்திகளைத் தொடவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார்: இது யார் பிடித்த கத்தி? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு வரை வெட்டியது?

முதல் கத்திக்கு நான் சொல்லிவிட்டேன். அது என் அம்மாவுடையது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம். 1974 முதல் 1996 வரை. மற்ற மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும், மூடப்பட்ட ஒரு தோட்டத்தில் லயத்து வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது குப்பைக் குவியலிலிருந்து எடுத்தேன். அப்போது அங்கே ஆள்கள் இருந்தார்கள்; கேட்டிருக்கலாம். எனக்குக் கத்தி கிடைத்த மகிழ்ச்சியில் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். நான்காவது, ஈஜோக் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது.

பெரியவர் ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. "உங்களிடம் ஒரு கத்தி இருக்கிறது, தம்பி. மற்றவை இரும்பு" என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டுத் தம் மேசைக்குப் போனார்.

கத்திக் கண்காட்சி என்பது

இத்தகைய கண்காட்சிகள் உலகில் புதியவை அல்ல. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆண்டுதோறும் கத்தி செய்வோரும் சேகரிப்போரும் பெருங்கூட்டமாய்க் கூடுகிறார்கள். ஜப்பானின் செக்கி நகரில் கத்தித் திருவிழாவே நடக்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் கத்திகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. நம் வட்டாரத்தில் கெரிஸுக்கே முதலிடம். 2005இல் இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. சிலாங்கூர் மாநிலச் சின்னத்தின் நடுவிலும் கெரிஸ்தான் நிற்கிறது.

முதன்முறையாகப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்லியாக வேண்டும். 1958ஆம் ஆண்டின் அரிபொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். சிறையும் பிரம்படியும் உண்டு. ஆகவே, ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கத்திகளைத் துணியில் சுற்றிக் கட்டி, பெட்டியில் பூட்டி, காரின் பின்புறத்தில் வைத்து, வீட்டிலிருந்து நேரே மண்டபத்திற்குப் போக வேண்டும். வழியில் தேநீர்க் கடையில் இறங்கி நண்பருக்குக் காட்டுவது கூடாது. பொத்தானை அழுத்தினால் பாயும் வகைக் கத்திகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் தடை உண்டு.

மேசையில் இருக்கும் எதையும் உடையவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கெரிஸை உறையிலிருந்து முழுவதும் உருவும் முன் அனுமதி கேட்பது மரியாதை. தகட்டில் விரல் படக் கூடாது. வியர்வை ஒரே இரவில் துருவாகிவிடும்.

இவையெல்லாம் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கெரிஸ் சேகரிப்பாளர்களிடம் நாம் கற்க வேண்டியது வேறு. அவர்கள் ஒரு கெரிஸைப் 'பிலா' என்னும் தகடு, 'உலு' என்னும் பிடி, 'சாரோங்' என்னும் உறை என்று தனித்தனியே பார்க்கிறார்கள். தகட்டின் வளைவுகளை எண்ணுகிறார்கள். அவை ஒற்றைப்படையில்தான் இருக்கும். இரும்பை மடித்து மடித்து அடித்ததால் எழுந்த கோலத்திற்குப் 'பாமோர்' என்று பெயர் வைத்து, அதற்குள்ளும் வகை பிரிக்கிறார்கள். பிடி வேறு காலத்தது, தகடு வேறு காலத்தது என்றால் அதைச் சொல்லிவிடுகிறார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை வாய்ப்பாடு போல் ஒப்பிக்கிறார்கள். ஒரு பொருளைப் பற்றிப் பேச அவர்களிடம் சொல் இருக்கிறது. நம் பால்வெட்டுக் கத்தியைப் பற்றிப் பேச நம்மிடம் சொல் இருக்கிறதா என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். இருந்தது; ஆனால் என்னிடம் இல்லை, என் அம்மாவிடம் இருந்தது.

மரமும் கத்தியும்

இக்கத்தி ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள மரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ரப்பர் மரத்தின் தாயகமான பிரேசிலில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடம் புண்ணாகி முடிச்சு விழும். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி, வேறொரு வழியைக் கண்டார். புதிய புதிய இடங்களில் கொத்துவதை விட்டு, ஒரே வெட்டின் கீழ் விளிம்பை மெல்லச் சீவிச் சீவித் திறந்தால் பால் தொடர்ந்து வரும்; பட்டையும் மீண்டும் வளரும். மலாயாவின் ரப்பர்த் தொழில் முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மீது நின்றது. கோடரி போய்ச் சீவும் கத்தி வந்தது இப்படித்தான்.

பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உள்பகுதியில், மரம் பருக்கக் காரணமான வளர்படலத்தை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாக வெட்டினால் பால் அதிகம். ஆனால், ஒரு மில்லிமீட்டர் தவறி அப்படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்திற்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து மறு பட்டையை வெட்டுகிறவருக்குக் கத்தி ஓடாது. மேலோட்டமாக வெட்டினாலோ பால் இராது. மாலையில் நிறுவையில் தெரிந்துவிடும். ஆக, படலத்திற்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். இருட்டில், தலையில் கட்டிய விளக்கொளியில், ஐந்நூறு மரத்துக்கு மேல்.

அக்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் அமைகிறது. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடிவதற்கு முன் வெட்டுவதும் வெறும் கட்டுப்பாட்டுக்காக அன்று. வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும்.

இனிக் கத்தியைப் பாருங்கள். நம் தோட்டங்களில் புழங்கியது ஜெபோங் கத்தி. தைப்பிங்கை அடுத்த ஜெபோங் என்னும் ஊரின் பெயரையே உடையது. மரப்பிடி, அதிலிருந்து நீளும் எஃகுத் தண்டு, தண்டின் நுனியில் மடக்கிய சிறு வாய்க்கால் போன்ற அலகு. வெட்டுகிறவர் இதைத் தம்மை நோக்கி இழுத்து, மரத்தைச் சுற்றிப் பின்னடியாக நகர்வார். அலகின் மடிப்புத்தான் இதன் உயிர். ஒரு பக்கம் பட்டையைச் சீவுகிறது. மறு பக்கம் பால் வழியும் கால்வாயைச் சீராக்குகிறது. மடிப்பு விரிந்துவிட்டால் பால் கால்வாயில் நிற்காமல் பட்டை மேல் வழிந்து வீணாகும். இதைத் தவிர, உளி போல் முன்னோக்கித் தள்ளி வெட்டுவதும் உண்டு. கீழ்ப்பட்டை முடிந்து, ஆள் உயரத்திற்கு மேல் கீழிருந்து மேலாக வெட்டும் காலத்தில் இந்தத் தள்ளு கத்தியை நீளக் கம்பில் பொருத்துவார்கள்.

ஒரு முறை சீவினால் போகும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் ஆண்டுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர். ஒரு மரத்தின் ஒரு பக்கம் ஐந்தாறு ஆண்டில் முடிந்து, மறு பக்கம் தொடங்கும். இவ்வளவையும் அளந்து பார்த்தவர்கள் ஆய்வாளர்கள். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகத்திற்குச் சுங்கை பூலோவில் பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. கோலசிலாங்கூர் சாலையில் போன நம்மில் பலர் அதைக் கடந்தே போயிருக்கிறோம். இன்று அந்நிலத்தின் பெரும்பகுதி புதிய நகராக மாறிவிட்டது. ஆய்வாளர்கள் மில்லிமீட்டரில் சொன்னதைத் தோட்டத்துப் பெண்கள் கையில் அறிந்திருந்தார்கள். இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு எவரும் மரத்துக்கு மரம் போனதில்லை.

வெட்டும் சொற்கள்

தமிழ்மொழிக் கழகத்தின் இதழ் என்பதால் சொற்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். நம் தாய்மார் "மரம் வெட்டப் போறேன்" என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாய் வந்தவர் இதைக் கேட்டால், தினமும் ஐந்நூறு மரங்களைச் சாய்க்கிறார்களா என்று திகைப்பார். உண்மையில் நடந்தது வெட்டுதல் அன்று, சீவுதல். வெட்டு, சீவு, அரி, அறு, கொத்து, செதுக்கு, கழி, நறுக்கு, தறி என ஒவ்வொரு வினையும் கத்தியின் ஒவ்வோர் அசைவைக் குறிக்கிறது. கடலோரத் தென்னந்தோட்டங்களில் கள் இறக்கியவர்கள் பாளையைச் 'சீவினார்கள்'. அங்கும் தத்துவம் ஒன்றே: மெல்லிதாகச் சீவிப் பழைய முகத்தைப் புதுப்பித்தால்தான் சுரப்பு நிற்காது. பாளைக் கத்தியையும் பால்வெட்டுக் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. முன்னது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பால் பிடிக்கும் மங்கு, பாலைச் சுமக்கும் காண்டா கம்பு, மரத்தில் காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பால், மங்கில் உறையும் கட்டிப்பால், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு, மரங்கள் நிற்கும் தீம்பார். இவற்றில் எத்தனை சொற்களை இன்றைய முதலாமாண்டு மாணவர் அறிவார் என்று கேட்டுப் பாருங்கள். நான் என் தங்கை மகனைக் கேட்டேன். 'பெரட்டு' என்றால் சமையலில் பெரட்டுவதா என்றான்.

வட சிலாங்கூரில் கத்தி கைமாறிய கதை

கோலசிலாங்கூரில் நின்று கொண்டு கத்தியைப் பற்றிப் பேசினால் பலர் புக்கிட் மெலாவாத்தியைக் காட்டுவார்கள். 1784இல் டச்சுக்காரர் பிடித்து ஆல்திங்பர்க் என்று பெயரிட்ட கோட்டை. மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். பீரங்கிகள் இன்றும் அங்கே கடலைப் பார்த்து நிற்கின்றன. போர்க்கருவிக்கு மலை உச்சியில் இடம் கிடைத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கி உள்நாட்டுப் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போனால், உலகப் பொருளியலையே மாற்றிய வேறொரு கருவியின் கதை கிடக்கிறது. (இவ்வூருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பழையவர்கள் வாயில் இன்னும் பத்தாங்தான்.)

1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் அவர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயரைத் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் அவர் பெற்றார். அவரைப் பற்றி நம் மாணவர்கள் தனியே ஆய்வு செய்யலாம்.

செம்பனை முதலில் மெதுவாகத்தான் பரவியது. 1960களுக்குப் பிறகு வேகம் கூடியது. ரப்பர் உற்பத்தியில் 1980களின் இறுதி வரை மலேசியா உலகின் முதலிடத்தில் இருந்தபோதே, பெரிய தோட்டங்கள் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தன. ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை, அப்பால் உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் வரை இதே காட்சி. பிறகு சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. இன்று நாட்டின் ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களிடமே இருக்கிறது.

பொருளியல் நூல்கள் இதைப் 'பயிர் மாற்றம்' என்று இரண்டு சொல்லில் சொல்லி முடித்துவிடுகின்றன. சேகரிப்பாளனுக்கு இது கருவி மாற்றம். செம்பனை இளமரமாக இருக்கையில் உளியால் குலை தள்ளுவார்கள். உயர்ந்த பின் நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையையும் குலையையும் அறுப்பார்கள். மூங்கில் கம்பு போய் அலுமினியக் கம்பு வந்தது. 2007 வாக்கில் செம்பனை வாரியம் இயந்திரத்தால் இயங்கும் 'சந்தாஸ்' என்ற வெட்டியையும் கொண்டுவந்தது. பத்து மீட்டர் உயரத்தில் பத்து, இருபது கிலோ குலையை அறுத்து இறக்க வலிமை வேண்டும். அது ஆண்களின் வேலையாயிற்று. பின்பு அயல்நாட்டுத் தொழிலாளர்களின் வேலையாயிற்று. பெண்களுக்குக் கிடைத்தது கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும் வேலை.

என் பார்வையில் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் பெரிய மாற்றம் இதுதான். மூன்று தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்த ஒரு நுட்பமான கத்தி, அவர்கள் கையை விட்டுப் போனது. கூலி எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடலாம். கை அறிந்திருந்தது என்னவாயிற்று என்பதற்குக் கணக்கே இல்லை.

கத்திகள் எங்கே போயின? பழைய இரும்புக்குப் போனவையே மிகுதி. சில, சமையலறைக் கூரையில் செருகிக் கிடக்கின்றன. சில, சாமி மேடையில் இருக்கின்றன. தோட்டத்துக் கோயில்களில் முனீஸ்வரருக்கு நட்ட அரிவாள்களைக் கோயில் இடம்பெயர்ந்தபோது எடுத்துச் சென்றார்கள். பால்வெட்டுக் கத்திக்கு அந்த மரியாதை ஆயுத பூசை அன்று மட்டும்தான்.

பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மாலை

கண்காட்சி முடிந்த மறு மாதம், நான்கு கத்திகளையும் எடுத்துக்கொண்டு ஒரு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். உறவினர் அல்லர், என் அம்மாவுக்கு வேண்டியவர். முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டியவர். இப்போது மகனின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

மேசையில் நான்கையும் பரப்பினேன். கண்காட்சியில் பலரும் பாராட்டிய மூன்றாவது கத்தியை முதலில் கையில் கொடுத்தேன். அலகு பளபளப்பாக, முழு அகலத்தோடு, தேயாமல் இருக்கும். சந்தையில் அதற்குத்தான் விலை அதிகம்.

அவர் கட்டைவிரலால் விளிம்பைக் குறுக்கே தடவினார்.

"இது யாரோ புதுசா வேலைக்குச் சேந்த புள்ள வெச்சிருந்தது, தம்பி. பாரு, இங்க பல்லு விழுந்திருக்கு. ஆணியில, இல்ல மங்குக் கம்பியில பட்டிருக்கும். அதச் சரி பண்ண இந்தப் பக்கம் மட்டும் போட்டுத் தேச்சிருக்கு. மடிப்பு ஒரு பக்கமா போயிருச்சு. இதுல வெட்டுனா மரத்துக்குக் காயம்தான்."

இரண்டாவதை எடுத்தார். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும்; அலகு பாதிக்குப் பாதி தேய்ந்து குட்டையாகிவிட்டது. அதைத்தான் நான் மேசையின் ஓரத்தில், மற்றவற்றுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

"இது பழகுன கை" என்றார். "தேஞ்சிருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணா தேஞ்சிருக்கு பாத்தியா? தெனமும் கொஞ்சமா தீட்டியிருக்காங்க. கல்லுல போட்டு அரைக்கல. பிடியில டியூப்பு சுத்துறது மழக்காலத்துக்கு. கை வழுக்காது. பிடிய பாரு, பெருவிரலு வெக்கிற எடம் பள்ளமாயிருக்கு. சின்னக் கை. பொம்பளதான்."

அந்தப் பள்ளத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவர் வைத்தார், ஏறக்குறைய பொருந்தியது.

நான்காவது தள்ளு கத்தி. "இது மேவெட்டுக்கு. கம்புல மாட்டுறது" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். அதில் அவருக்கு ஈடுபாடு இல்லை. என் அம்மாவின் கத்தியை எடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு, "இதுக்கு எண்ண போடு" என்றார்.

அவருடைய கத்தியும் வீட்டில் இருக்கிறது. சாமி மேடையின் கீழ்த்தட்டில், மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நம் பெரியவர்கள் அப்படித்தான். அதனால்தான் கேட்கக் கூடாது. பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டத்து வீடுகளில் வாங்கி, கண்காட்சியில் நூறு வெள்ளிக்கு விற்கும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். அதைச் சட்டம் தடுக்கவில்லை. நான் செய்யமாட்டேன், இதைப் படிப்பவர்களும் செய்யக் கூடாதென்று வேண்டுகிறேன். அவருடைய கத்தியின் உருவத்தை வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். நீளம், அகலம், எடை குறித்தேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் கத்தியைப் பற்றிய பேச்சு இருபது நிமிடம்தான். மீதியெல்லாம் யார் யார் எந்த நிரையில் வெட்டினார்கள், யாருடைய பிள்ளை எங்கே இருக்கிறது என்பது.

அட்டை எழுதுதல்

கெரிஸ், பாராங் சந்தையில் தேயாத தகட்டுக்கே மதிப்பு. உழைப்புக் கருவிக்கு இது தலைகீழ். தேயாத பால்வெட்டுக் கத்தி என்றால் ஒன்று, அது வெட்டவே இல்லை. அல்லது தவறான கையில் இருந்தது. தேய்மானம்தான் அதன் எழுத்து. ஆகவே, இக்கத்திகளைச் சேகரிக்கும் மாணவர்கள் முதலில் மறக்க வேண்டியது கண்காட்சியின் விலைப்பட்டியலை.

துருவை மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தீட்டிய கோடுகள் அதோடு போய்விடும். மென்மையான துணியில் சிறிது எண்ணெய் போதும். பிடி உடைந்திருந்தால் உடைந்தபடியே இருக்கட்டும். பிடியின் இடுக்கில் கறுப்பாய் ஒட்டியிருப்பது அழுக்கல்ல, காய்ந்த பால், சுரண்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் கூர் தீட்டக் கூடாது. கடைசியாகத் தீட்டியவர் வைத்த கூர் அது. அதன் மேல் நம் கூரை ஏற்றினால் அவருடையது அழிந்தது.

ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். அந்தப் பெரியவர் கேட்ட மூன்று கேள்விகளே அதற்குப் போதும். யார், எங்கே, எப்போது வரை. அதோடு நான் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: யார் சொல்லித் தெரிந்தது. உங்கள் ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று உடையவர் சொன்னால் பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்தை எழுதலாம். கல்லூரி விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ உட்கார்ந்து கேட்டால் ஒரு மாலையில் ஓர் அட்டை எழுதிவிடலாம். அவர்களில் இளையவர்களே இன்று அறுபதைக் கடந்தவர்கள். என் அம்மா 2011இல் காலமானார். அவர் கத்தியின் பிடியில் இரண்டு கோடுகள் கீறப்பட்டிருக்கின்றன. அவை எதற்கு என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

அடுத்த கண்காட்சிக்கும் அதே நான்கு கத்திகளையே கொண்டு போனேன். இம்முறை இரண்டாவது கத்தியை நடுவில் வைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் தமிழிலும் மலாயிலும் அட்டை. அதே பெரியவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் நின்று படித்தார். இரண்டாவது கத்தியை எடுக்கலாமா என்று கேட்டு, இரு கைகளாலும் ஏந்தி, பிடியின் பள்ளத்தைத் தேடிப் பார்த்தார். நான்காவது அட்டைக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தள்ளு கத்தி. மேல்வெட்டுக்கு உரியது. ஈஜோக் சாலை, பழைய இரும்புக் கடை. எடைக்கு வாங்கியது. பிடித்தவர் யாரென்று கேட்கவில்லை."